தானே ஒழுங்குறும் வலை: மலைச்சரிவிற் கம்பியில்லா உணரிகளும் அவற்றின் காவலும்

தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம் கம்பியில்லாக் கருவிகளைப் பற்றி எழுதப் புகுந்தமை, இவ்விழா மலரைப் புரட்டும் அன்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். இதற்குக் காரணம் இரண்டு உண்டு. தகவல் தொழினுட்பப் பாடத்தைத் தமிழிற் கற்கும் மாணவர், அதில் வரும் கலைச்சொற்களுக்குப் பொருள் தேடித் தமிழாசிரியரிடமே வருகின்றனர் என்பது ஒன்று. மற்றையது இதனினும் பெரிது. எம்பிலிப்பிட்டிய சமநிலத்து ஊர். உடவளவை நீரால் நெல்லும் வாழையும் விளையும் வெப்பப் பகுதி. ஆயினும் வடக்கே பலாங்கொடைப் பக்கத்து மலைகளும் வடமேற்கே இறக்குவானைத் தொடரும் நிற்கின்றன. அம்மலைகளின் தோட்டத்து லயங்களிலே நம் மக்கள் உறங்குகின்றனர். மழை இரவொன்றில் அவர்கள் தலைமாட்டிலே மலை நகரத் தொடங்குமாயின், அதனை முன்னறிந்து சொல்ல வல்லது யாது என்னும் வினாவே நம்மை இப்பொருளிடம் கொண்டுவந்து சேர்த்தது.

சபரகமுவ மாகாணத்தார்க்கு இது வெறுங் கற்பனை வினா அன்று. 2003 மே மாதத்து வெள்ளத்தோடு இரத்தினபுரி மாவட்டத்தில் மலைகள் பல சரிந்தன. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே சாமசர மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து கிராமங்களை மூடியது. அதே நாளிற் புளத்கொஹுப்பிட்டியவில் களுபஹனத் தோட்டத்து லயங்களும் மண்ணுள் மறைந்தன. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மீண்டும் நீரிலும் மண்ணிலும் அழிவுற்றது. அயல் மாகாணமாகிய ஊவாவிலே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை நிகழ்ந்ததை மலையகத்தில் மறந்தவர் இலர். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மாவட்டங்களில் மலை சரிந்த இடங்கள் எண்ணற்றன.

நம் நாட்டில் மண்சரிவு எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அஃது 1984 இல் தோன்றியது. அதன் அளவுகோல் மழை. 24 மணி நேரத்திற் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டின் மஞ்சள். 100 ஐத் தாண்டின் செம்மஞ்சள். 150 ஐத் தாண்டினும், ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்யினும் சிவப்பு. அப்போது இடம்பெயர்தல் வேண்டும். எளிய முறை; பலருயிரைக் காத்த முறை. எனினும் மழைமானி காண்பது வானத்திலிருந்து வீழ்ந்த நீரையே. மலையின் உள்ளே புகுந்த நீரை அன்று. ஒரே மழையில் ஒரு சரிவு நிற்கும், அடுத்த சரிவு வீழும். மண் துகள்களின் இடையிலுள்ள நுண்டுளைகளில் நீர் நிறையும்போது அதன் அமுக்கம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகின்றது. துகள்களைப் பற்றி நிற்கச் செய்த உராய்வு தளர்கின்றது. பின்னர் மண்ணின் பாரமே மண்ணை இழுத்துச் செல்கின்றது. ஆதலின் உண்மையில் அளக்கப்பட வேண்டியது அந்தத் துளைநீரமுக்கமும், மண்ணின் ஈரமும், சரிவின் சாய்வில் உண்டாகும் சிறு மாற்றமுமேயாம்.

இவற்றை அளக்கும் வலையொன்றைத் தென்னிந்தியாவிலே மூணாற்றில் நிறுவியுள்ளனர். கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர்த் தேயிலை மலைகளிற் கொழுந்து பறிப்போரும் பெரும்பாலும் தமிழரே. அவர்தம் வாழ்வும் லய வாழ்வே. அங்கே அந்தோனியார் காலனி என்னும் சரிவு 2005 இற் சரிந்த இடம். அமிர்த விசுவ வித்தியாபீடத்தார் 2008 அளவில் அவ்விடத்து மண்ணிலே ஆழ்குழிகள் இட்டு, துளைநீரமுக்கமானி, ஈரமானி, சாய்வுமானி, நில அதிர்வைக் கேட்கும் கருவி ஆகியவற்றை வெவ்வேறு ஆழங்களிற் பதித்தனர். ஒவ்வொரு குழியின் தலையிலும் ஒரு கம்பியில்லாக் கணு. கணுவிலிருந்து கணுவுக்குத் தாவி வரும் செய்தி ஊரிலுள்ள நிலையத்தை அடைந்து, அங்கிருந்து செய்மதி வழியாகக் கொல்லத்துக்கு அண்மையிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குச் செல்லும். 2009 யூலையிற் பெருமழை பெய்தபோது இவ்வலை காட்டிய அளவுகளைக் கொண்டு மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

வலை இல்லாத இடத்தில் நிகழ்வது யாது என்பதையும் அதே மலைநாடு காட்டிவிட்டது. மூணாற்றுக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6 இரவு லயங்களின் மேல் மலை விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் முன்னரே அற்றிருந்தமையால் அச்செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையிலேதான். ஒரே ஒரு கோபுரத்தை நம்பிய தொடர்பு, புயலில் முதலிலே அறுந்துபோம் என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி வலையின் அமைப்பைக் காண்போம். 'கணு' என்னும் சொல் நம் பாடநூலார் தெரிந்தெடுத்த நல்ல சொல். கரும்பிலும் மூங்கிலிலும் கணுவிலேதான் முளை பிறக்கும். வலையிலும் கணுவிலேதான் புது இணைப்புப் பிறக்கின்றது. ஒரு கணு என்பது உணரி, சிறு கணிப்பொறி, சிறு வானொலி, பற்றரி இந்நான்கும் ஒரு பெட்டியுள் அடங்கியது. கணிப்பொறி என்றவுடன் மேசைமேல் இருப்பதை நினைத்தல் ஆகாது. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மேயின் மாநிலத்தையடுத்த பெருவாத்துத் தீவிற் கடற்பறவைகளின் வளைகளைக் கண்காணிக்க வைத்த 32 கணுக்களைப் போன்றவற்றில் நினைவகம் 4 கிலோபைற்று மாத்திரமே. இன்றைய கணுக்கள் இதனின் வல்லன. ஆயினும் பற்றரியின் வறுமை அன்று போலவே இன்றும் உள்ளது. கணுவின் பெருஞ் செலவு கணித்தலில் இல்லை; பேசுதலில் உள்ளது. மனிதரிற் சிலர்க்கும் இது பொருந்தும் என்பது வேறு கதை.

கணுக்களை ஒருவர் வந்து ஒவ்வொன்றாக இணைப்பதில்லை. மலைமேல் வைத்து விசையை அழுத்திவிட்டால், ஒவ்வொன்றும் 'நான் இங்கே உளேன்' என்று குரல் கொடுத்து அயலாரைக் கண்டுகொள்ளும். தலைமை நிலையத்துக்கு வழி அறிந்தவரைக் கேட்டுத் தானும் வழி அறியும். நிழல்மரம் வளர்ந்து இடையில் மறைப்பினும், மின்னல் தாக்கி ஒரு கணு கருகினும், எஞ்சியவை வேறு வழி தேடிக்கொள்ளும். இதுவே தானே ஒழுங்குறல். இம்முறைகளுட் புகழ்பெற்ற ஒன்று 2000 இல் வெளிவந்தது. அதனை ஆக்கிய மூவருள் ஆனந்த சந்திரகாசன் சென்னையிற் பிறந்தவர். ஹரி பாலகிருஷ்ணன் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் கற்றவர். அதற்கு இட்ட பெயர் 'லீச்'. ஈரமலையிலே காலைப் பற்றும் அட்டையின் ஆங்கிலப் பெயரோடு இஃது ஒலியால் ஒக்கும், பொருளால் ஒவ்வாது.

அம்முறையைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் இவ்வாறு விளக்குவதுண்டு. பறித்த கொழுந்தை ஒவ்வொருவரும் தனித்தனியே தொழிற்சாலைக்குச் சுமந்து செல்லின் நாள் முழுதும் நடையிலே கழியும். ஆகவே கங்காணி ஒருவர் தம் ஆட்களின் கொழுந்தை ஓரிடத்திற் சேர்ப்பித்து நிறுவை செய்விக்கின்றார். வலையிலும் சில கணுக்கள் தலைக்கணுக்களாகி அயற்கணுக்களின் அளவுகளைத் தொகுத்துச் சுருக்கி அனுப்புகின்றன. வேறுபாடு ஒன்றே: வலையிற் கங்காணிப் பதவி சுழல்வது. நெடுந்தூரம் பேசுபவனின் பற்றரி விரைவில் தீருமாதலின், இன்று தலைவனாயிருந்தவன் நாளை தொண்டனாவான். கங்காணிமாரின் வரலாறு அறிந்தோர் இம்முறையை வாழ்த்துவர்.

தலைக்கணுவை மற்றவை தேர்வது எங்ஙனம்? எவன் குரல் உரத்துக் கேட்கின்றதோ அவனே அண்மையிலுள்ளான் என்று கொண்டு அவனைச் சேர்கின்றன. இங்கேதான் காவற் பிரச்சினை பிறக்கின்றது. பெரிய வானொலியொன்றைக் கையிற் கொண்டு ஒருவன் மலையடிவாரத்தில் நின்று 'நானே தலைவன்' என்று கூவினால், மலை முழுவதும் அவனைத் தலைவனாக ஏற்கும். அவனுக்குச் செய்தி சொல்ல முயன்று ஓயும். அச்செய்தி எங்கும் சேராது. 2003 இல் கார்லோவ், வாக்னர் என்னும் இருவர் இத்தகைய தாக்குதல்களை ஆராய்ந்து, அக்காலத்து வழிகாணல் முறைகள் காவலை எண்ணாமலே ஆக்கப்பட்டவை என்று காட்டினர். 'தலைமை நிலையத்துக்கு என்னிடமிருந்து ஒரே எட்டு' என்று பொய் சொல்லி எல்லாச் செய்தியையும் தன்பால் ஈர்ப்பது மற்றொரு வகை. ஒரே கருவி பல பெயர் பூண்டு பல கணுக்கள் போல் நடிப்பது இன்னொரு வகை; செக்றோலில் வராத ஆட்களின் பெயரைப் புகுத்துதல் போன்றது இது. ஐந்து அயலாருள் மூவர் சொல்வதை நம்புவோம் என்று ஒரு கணு விதி செய்துகொண்டால், அம்மூவரும் ஒருவனாகவே இருத்தல் கூடும்.

மண்சரிவுக் கருவியைத் தாக்கி ஒருவன் பெறும் பயன் யாது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பகைநாட்டு ஒற்றன் மலைமேல் ஏறி வருவான் என்று நாம் கருதவில்லை. காட்டு வழியிற் கேட்பாரற்றுக் கிடக்கும் பற்றரியும் சூரியத் தகடும் யாருக்கேனும் தேவைப்படும். வலைக்கு வரும் முதற் பகைவர் அவரே. விளையாட்டாகக் குழப்புவோர் இரண்டாமவர். ஆளில்லா லயங்களிற் களவு செய்யும் பொருட்டுப் பொய் எச்சரிக்கையை எழுப்புவோரும் இருத்தல் கூடும். யார் செய்யினும் விளைவு ஒன்றே. மூன்று முறை பொய்யாக எழுந்த எச்சரிக்கையை நான்காம் முறை எவரும் செவிக்கொள்ளார். கைக்குழந்தையோடும் முதியோரோடும் நள்ளிரவு மழையில் வெளியேறுதல் எளிய செயல் அன்று. சொன்னவன் சொல்லில் நம்பிக்கை இருந்தாலன்றி யாரும் வெளியேறார். உயிர்காக்கும் வலையின் காவல், இரகசியத்தைக் காப்பதன்று; நம்பிக்கையைக் காப்பது. மலையின் ஈரம் இவ்வளவு என்பதை யார் அறியினும் கேடில்லை; அவ்வளவைச் சொன்னது உண்மையான கணுதானா, இப்பொழுதுதான் சொன்னதா, இடையில் மாற்றப்படவில்லையா என்னும் மூன்றுமே முக்கியம்.

இதற்கு முதற் கருவி திறவுகோல். அதாவது கணுக்கள் தம்முள் அறிந்த இரகசிய எண். செய்தியோடு அத்திறவுகோலாற் கணித்த ஒரு முத்திரையையும் கணு சேர்த்து அனுப்பும். அத்திறவுகோல் உடையவனே முத்திரையைச் சரிபார்க்க வல்லவன். எல்லாக் கணுவுக்கும் ஒரே திறவுகோலைக் கொடுத்துவிடுதல் எளிது. ஆனால் தேயிலைச் செடியிடையே நிற்கும் ஒரு பெட்டியைக் கத்தியால் நெம்பி எடுத்துச் சென்றவன் வலை முழுவதையும் வென்றவனாகின்றான். இதற்கு மாறாக ஒவ்வோர் இணைக்கும் தனித் திறவுகோல் கொடுக்கலாம்; 200 கணுக்களாயின் ஒவ்வொன்றும் 199 திறவுகோல்களைச் சுமக்கும்; மொத்தம் 19,900. புதிதாக ஒரு கணுவைச் சேர்க்க மலைமுழுதும் ஏற வேண்டி வரும். இவ்விரண்டுக்கும் நடுவழியை 2002 இல் எஷனவர், கிளிகோர் இருவரும் கண்டனர். அதனை ஓர் எண்ணாற் காட்டுவோம். 10,000 திறவுகோல்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு கணுவும் கண்ணைமூடி 100 ஐ அள்ளிக்கொள்ளட்டும். எந்த இரு அயலாரை எடுத்தாலும் அவர்களிடம் பொதுவாக ஒன்றேனும் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதுக்கு மேல். பொது இல்லாதோர் மூன்றாமவர் ஒருவர் மூலம் பேசிக்கொள்வர். ஒரு பெட்டி களவு போயின் குவியலில் நூறில் ஒரு பங்கே வெளிப்படும். நிகழ்தகவுக் கணிதம் கசக்கின்றது என்னும் மாணவர்க்கு நாம் இதனையே எடுத்துக் காட்டுகின்றோம்.

ஆனால் முத்திரை ஒன்றே போதாது. நேற்று வெயிலில் ஒரு கணு 'அமுக்கம் குறைவு, ஆபத்து இல்லை' என்று முத்திரையிட்டு அனுப்பியதை ஒருவன் பதிவு செய்து வைத்து, இன்றிரவு மழையில் அதனையே மீண்டும் ஒலிபரப்பினால், முத்திரை பொருந்தும், சொல் பொய்யாகும். எனவே ஒவ்வொரு செய்தியிலும் ஏறுவரிசை எண்ணோ நேரமோ இருத்தல் வேண்டும். பழைய எண்ணோடு வருவது தள்ளப்படல் வேண்டும். தலைமை நிலையம் எல்லாக் கணுக்களுக்கும் ஒருசேரக் கட்டளையிடும்போது சிக்கல் இன்னும் கூடும். எல்லாரும் சரிபார்க்க வேண்டுமெனில் எல்லாரிடமும் திறவுகோல் வேண்டும். எல்லாரிடமும் அஃது இருந்தால் எவரும் தலைமை போல் நடிக்கலாம். 2001 இல் பெரிக் முதலியோர் காட்டிய வழி அழகானது. நெல்லை மாவாக்கலாம், மாவை நெல்லாக்கல் இயலாது. அவ்வாறே ஓர் எண்ணிலிருந்து அடுத்ததைக் கணிக்கலாம், பின்னோக்கிக் கணித்தல் இயலாது என்னும் ஒருவழிக் கணிதத்தால் தலைமை நிலையம் ஒரு திறவுகோற் சங்கிலியை ஆக்கிக்கொண்டு, கடைசியில் ஆக்கியதை முதலில் வெளியிடும். கட்டளை இப்பொழுது வரும். அதன் திறவுகோல் சிறிது நேரம் கழித்து வரும். வந்த திறவுகோலை ஒருமுறை அரைத்துப் பார்த்து, முன்னர் அறிந்த மாவு கிடைக்குமாயின் கணு கட்டளையை ஏற்கும். திறவுகோல் வெளிப்பட்டபின் அதைக் கொண்டு முத்திரையிட்ட புதுக் கட்டளை எதுவும் செல்லாது. ஆதலின் கேட்டவர் எவரும் போலி செய்ய முடியாது. இதற்குக் கணுக்களின் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒத்தோடுதல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும், உண்மையான திறவுகோலுடைய கணுவே பழுதுற்றுப் பொய் சொல்லுமாயின்? ஐந்து சாய்வுமானிகள் 4, 5, 4, 6, 90 என்று சொல்கின்றன எனக் கொள்வோம். சராசரி 21.8, ஒரு பொய்யன் அனைவரையும் இழுத்துவிட்டான். நடுவெண்ணை எடுத்தால் 5. பொய்யன் தனித்து நிற்கின்றான். பாடநூல்கள் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. நமக்கோ இங்கே அமைதி இல்லை. மலை சரியும்போது எல்லா இடத்திலும் ஒருங்கே சரிவதில்லை. முதலில் ஓர் இடத்திலேதான் விரிசல் விடுகின்றது. அந்தத் தொண்ணூறு பொய்யோ, மலையின் முதற் சொல்லோ யார் அறிவார்? ஆகையால் தனித்த குரலைத் தள்ளிவிடுதல் தகாது. அயற்கணுக்களைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும்படி ஏவி, ஆள் ஒருவரையும் அனுப்பிப் பார்த்தலே தக்கது. கணிதம் ஐயத்தை அடையாளம் காட்டும். ஐயத்தைத் தீர்ப்பது மலையேறும் காலே.

குரலைப்போலவே குரலின்மையையும் எண்ண வேண்டும். ஒரே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பி வலையை ஊமையாக்குதல் கடினமன்று; அதைத் தடுக்கும் மந்திரம் எந்தத் திறவுகோலிலும் இல்லை. பருவமழைக் காலத்தில் இரைச்சல் எழுப்பும் ஆளும் தேவையில்லை: பல நாள் வெயிலின்றிச் சூரியத் தகடு பயனற்றுப் பற்றரி சாய்கின்றது, நனைந்த இலைகள் அலையை விழுங்குகின்றன. வேண்டிய போதிலேதான் வலை நலிகின்றது என்பது இக்கலையின் கொடுமை. வெயில் நாளில் மணிக்கொருமுறை உறக்கத்தினின்று எழுந்து அளந்துவிட்டு, மழையளவு ஏற ஏற அடிக்கடி எழும்படி கணுவைப் பழக்குதல் இதற்கு ஓரளவு மருந்து. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர் நம் முன்னோர். வலையில் அப்பழமொழி செல்லாது. மூன்று தவணை பேசாத கணு ஆபத்திலுள்ள கணுவென்றே எழுதப்படல் வேண்டும்; அது களவு போனதாயினும், பற்றரி மாண்டதாயினும், மண்ணோடு சென்றதாயினும் சரி.

இங்ஙனம் பார்க்குமிடத்து, வலையைக் காத்தலும் வலையை மேய்த்தலும் இருவேறு தொழில்கள் அல்ல. எந்தக் கணு எந்த மலையில் நிற்கின்றது, எப்பொழுது பற்றரி மாற்றப்பட்டது, எதன் திறவுகோல் நீக்கப்பட்டது என்று அறியாதவன் களவையும் அறியான். காலைப் பெரட்டில் ஆளெண்ணுவது போல ஒவ்வொரு நாளும் கணுவெண்ணுதல் வேண்டும். காணாத கணுவின் திறவுகோல்களை அன்றே ஒதுக்கி, அக்கட்டளையை முன்சொன்ன சங்கிலிமுறையில் மலைமுழுதும் அறிவித்தல் வேண்டும். இதனினும் கருத்தாகக் காக்க வேண்டியது மென்பொருள் மாற்றும் வழி. மலையேறாமல் கம்பியில்லாமலே எல்லாக் கணுவின் நிரலையும் ஒரே நாளில் மாற்றலாம் என்பது பெரும் வசதி. அவ்வாயில் பிறன் கைப்படுமாயின் வலை முழுவதும் அவனுடையது. உடன்படிக்கைக்காரர் வேலை முடித்துச் செல்லும்போது அவர் அறிந்த திறவுகோல்கள் யாவும் மாற்றப்படுதல் வேண்டும் என்று எழுதாத ஒப்பந்தம் குறைபட்ட ஒப்பந்தம். கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் திட்டங்கள், ஐந்தாம் ஆண்டிற் பற்றரி மாற்றும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குதல் அரிது. வலைகள் பகைவராற் சாவதினும் இக்காரணத்தாற் சாவதே மிகுதி என்பது நம் கருத்து.

வலையின் கடைசிக் கணு மனிதன். மீரியபெத்தைச் சரிவு ஆபத்துடையது என்று 2014 இற்கு முன்னரே நிபுணர் எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை இருந்தது, போய்த் தங்க இடம் இருக்கவில்லை. ஆதலின் லயத்துக்குச் செய்தி செல்லும் கடைசி அடியும் மற்ற அடிகளைப் போலவே திட்டமிடப்படல் வேண்டும். தலைமை நிலையத்தின் கட்டளையைச் சரிபார்த்தபின்னரே ஒலிக்கும் சங்கு ஒன்று தோட்டத்துக் கோயிலருகிலோ பாடசாலைக் கூரையிலோ தன் பற்றரியோடு இருத்தல் வேண்டும். அதன் பின்னே தமிழிலும் சிங்களத்திலும் 'இன்ன லயத்தார் இன்ன இடத்துக்குச் செல்க' என்னும் குரல் வருதல் வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமி விடுமுறை முற்பகலிலும் அதனை ஒலித்துப் பார்த்து, அன்றே மலையிலுள்ள கணுக்களின் எண்ணிக்கையைப் பாடசாலை வாசற்பலகையில் எழுதி வைக்கலாம்: நிற்பவை இத்தனை, பேசாதவை இத்தனை, பேசாதவற்றைப் பார்க்கச் சென்றவர் இன்னார். அப்பலகையை எழுதும் வேலைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் போதும்.